கிளீனர் இல்லாத வண்டியின் ரேடியோ

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாக இங்கிலீஷ் ரேடியோ கேட்டவர் என் பெரியப்பா. அவருக்கு இங்கிலீஷில் தெரிந்ததெல்லாம் லாரி உதிரி பாகங்களின் பெயர்கள்தான். அந்த ரேடியோவும் நிஜ ரேடியோ இல்லை. கையில் பிடித்து விளையாடுகிற வீடியோ கேம் ஒன்றுக்குள், அதிலும் ஒரு காருக்குள் ஓடிய ரேடியோ அது. இதை ஆபீஸில் சொன்னால் யாரும் நம்புவதில்லை. நம்பாவிட்டால் போகட்டும்.

பெரியப்பா என் அப்பாவின் அண்ணன். நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம் போகிற ரோட்டில் எங்கள் தோட்டம். ஒரே வாசலைப் பார்த்தபடி இரண்டு வீடு. ஒன்றில் பெரியப்பாவும் பெரியம்மாவும், மற்றதில் நாங்கள். அவர்களுடைய ஒரே மகன், என் அண்ணன், படிப்புக்காக ஹாஸ்டலில் கிடந்தான். அப்பா காடு, வெள்ளாமையைப் பார்த்துக்கொண்டார், பெரியப்பா லாரியைப் பார்த்துக்கொண்டார். சொந்த லாரிதான், ஓட்டுவதும் அவரேதான், துணைக்கு ஒரு கிளீனர். ஜவ்வரிசி லோடு ஏற்றிக்கொண்டு லைனுக்குப் போனால் பம்பாய், நாக்பூர் என்று சுற்றிவிட்டுத் திரும்ப ஒரு மாதம்கூட ஆகிவிடும். வீட்டில் இருப்பது இரண்டு மூன்று நாள். அதிலும் பாதியைத் தூங்கியே கழிப்பார்.

லைனில் இருக்கும்போது சாயங்காலம் போன் வரும். வண்டியை ஓரங்கட்டிவிட்டுத்தான் பேசுவார், அதில் கண்டிப்பானவர். ஆனால் இஞ்சினை அணைக்க மாட்டார், பாட்டையும் நிறுத்த மாட்டார். அதனால் எங்களுக்குப் போனில் முதலில் இஞ்சின் இரைச்சல், அதற்கு மேல் பாட்டு, எல்லாவற்றுக்கும் பின்னால் எங்கேயோ பெரியப்பா கேட்பார். "அந்தப் பாட்ட நிறுத்திப்போட்டுப் பேசுங்க, ஒண்ணும் வெளங்கலை" என்று பெரியம்மா வாசலில் நின்று கத்துவாள். பாட்டு நின்றால் வண்டி நின்றுபோன மாதிரி இருக்கிறது என்பார் அவர். இவள் பாதி கேட்டும் பாதி கேட்காமலும் சரி சரி என்று போனை வைப்பாள்.

நான் ஐந்தாவது முடித்திருந்த கோடை லீவில், பம்பாயிலிருந்து வந்த பெரியப்பா பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தார். பழைய துணியில் சுற்றிய கறுப்பு நிற வீடியோ கேம், கூடவே ஒரு இயர்போன். பழைய சாமான் விற்கிற தெருவில் வாங்கினாராம். எனக்கு அன்றைக்குச் சோறே இறங்கவில்லை.

கேமுக்குள் ஒரு பெரிய ஊர். சுற்றிலும் கடல், கரையெல்லாம் தென்னை போல உயரமான மரங்கள். கதாநாயகன் என்று ஒருவன். அவனுக்கு என்ன வேலை என்று பார்த்தால், அடுத்தவன் காரைப் பிடுங்குவது, ஆளை அடிப்பது, போலீஸ் துரத்தினால் ஓடுவது. நான் மும்முரமாக ஒருத்தனைக் காரிலிருந்து இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது பெரியப்பா பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார்.

"இதென்ன பாப்பா அக்கிரமமா இருக்குது. அந்தக் காரு யாரோடது?"

"யாரோடதோங். நாம எடுத்துக்கலாமுங்."

"எப்பிடி எடுத்துக்கறது? அவன் நடுரோட்டுல நின்னு மொகத்தப் பாத்துட்டு இருக்கறான் பாரு."

அத்தோடு என் திருட்டுத் தொழில் முடிந்தது. கதாநாயகனுக்கென்று அவன் வீட்டுக் கொட்டகையில் ஒரு பழைய நீலக் கார் நின்றது. எடுத்தால் அதை மட்டும்தான் எடுக்க வேண்டும் என்று பெரியப்பா சட்டம் போட்டார். போட்டவர் சும்மா இராமல், எப்படி ஓட்டுவது என்று காட்டுகிறேன் பேர்வழி என்று கேம் பெட்டியை வாங்கிக்கொண்டு வாசல் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

உட்கார்ந்ததும் எலுமிச்சம்பழம் கேட்டார். எங்கள் பக்கத்தில் புது வண்டியைச் சக்கரத்துக்கடியில் பழம் வைத்து நசுக்காமல் யாரும் நகர்த்த மாட்டார்கள். சர்பத்துக்கு வைத்திருந்த பழம், கேமுக்கெல்லாமா பழம் வைப்பார்கள் என்று பெரியம்மா முணுமுணுத்தாள். முணுமுணுத்தபடியே கொண்டுவந்தும் கொடுத்தாள். பெரியப்பா பழத்தைக் கட்டில் சட்டத்தின் மேல் வைத்து, கேம் பெட்டியின் அடிப்பக்கத்தாலேயே ஓர் அழுத்து அழுத்தினார். அதன் வாசனை கொஞ்ச நாளைக்கு அந்தப் பெட்டியில் இருந்தது.

பிறகு வண்டி கிளம்பியது. அவர் இடது பக்கமாகப் போக, அந்த ஊர்க்காரர்கள் அத்தனை பேரும் எதிரே வந்து மோதினார்கள். அந்த ஊரில் வலது பக்கம்தான் போக வேண்டும் என்பது எனக்கு அரைமணி நேரத்தில் புரிந்துவிட்டது. இத்தனை வருஷம் இந்தியா பூராவும் ஓட்டியவருக்கு அது புரியவேயில்லை. ஒரு ஊர் பூராவும் ஒருத்தனுக்கும் ஓட்டத் தெரியவில்லையே என்று அவர்களுக்காக வருத்தப்பட்டார். சிவப்பு விளக்கு எரிந்தால் நின்றார். பின்னால் இருந்தவன் ஹாரன் அடித்தபோது, "இர்றா, உனக்கு மட்டுந்தான் அவசரமாக்கு" என்றார் பெட்டியைப் பார்த்து. வாசலில் உட்கார்ந்திருந்த அம்மாவுக்குச் சிரித்துச் சிரித்து மூச்சு வாங்கியது.

காரில் ஏறியதும் தானாக ரேடியோ பாடும். பெட்டியின் இடதுபக்கப் பொத்தானை அமுக்கினால் ஸ்டேஷன் மாறும். ஒன்றில் வெறும் மேளம், ஒன்றில் சண்டை போடுவது போலப் பேச்சு, ஒன்றில் பெண்கள் சிரிப்பு. எனக்கு மேளந்தான் பிடித்தது. பெரியப்பா ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே வந்து, ஒரு கரகரத்த குரல்காரர் பேசும் ஸ்டேஷனில் நின்றுவிட்டார். அவர் கொஞ்சம் பேசுவார், தானே சிரித்துக்கொள்வார், பிறகு மெதுவாகக் குழல் ஊதுகிற ஒரு பாட்டைப் போடுவார். ராத்திரி வண்டிக்கு ஏற்ற ஆள் என்றார் பெரியப்பா. அவன் என்ன சொல்கிறான் என்று என்னைக் கேட்டார். இங்கிலீஷ் மீடியத்தில் படிக்கிற பிள்ளை தெரியாது என்று சொல்ல முடியுமா? "மழை வருதாமுங், மெதுவாப் போகச் சொல்றாருங்" என்றேன். நல்ல மனுஷன் என்று தலையாட்டினார்.

கடலோரத்தில் மரத்தடியில் காரை ஓரங்கட்டி, இஞ்சினை அணைக்காமல் விட்டுவிட்டுப் பாட்டுக் கேட்பார். மூன்று நாளும் இதே வேலை. ஒரு சாயங்காலம் இயர்போனின் ஒரு முனையைத் தன் காதில் செருகிக்கொண்டு மறு முனையை நீட்டிப் பெரியம்மாவைக் கூப்பிட்டார்.

"இங்க வா புள்ள. இப்பிடிப் பக்கத்துல உக்காரு. ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம்."

"லைன்லயும் வண்டி, ஊட்டுக்கு வந்தும் வண்டிதானா உங்களுக்கு? எனக்கு மாட்டுக்குத் தண்ணி காட்டோணும்."

"சித்த நேரந்தான். நம்ம வண்டிலதான் நீ ஒருநாளும் ஏறுனதில்லை."

"அடுத்த தடவை பாக்கலாமுங்க" என்று பெரியம்மா பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு கட்டுத்தரைக்குப் போய்விட்டாள். அவர் மறு முனையை என் காதில் மாட்டிவிட்டார். மறுநாள் காலையில் லோடு ஏற்றிக்கொண்டு கிளம்பினார்.

அந்த லைனிலேயே, நாக்பூர் பக்கம் லோடு இறக்க வண்டிகள் வரிசையில் நின்ற இடத்தில், பெரியப்பா கேபினிலேயே இறந்துபோனார். நெஞ்சுவலி என்றார்கள். கிளீனர் டீ வாங்கப் போயிருந்தானாம். வந்து பார்க்கும்போது ஸ்டியரிங் மேல் சாய்ந்து கிடந்தாராம், பாட்டு ஓடிக்கொண்டிருந்ததாம். அந்தக் கிளீனர் எங்கள் வாசலில் உட்கார்ந்து இதையே வந்தவர்களுக்கெல்லாம் திரும்பத் திரும்பச் சொல்லி அழுதான். "நா இருந்திருக்கோணுமுங், நா பக்கத்துல இருந்திருக்கோணுமுங்" என்றான். பெரியம்மா உள்ளறைச் சுவரில் சாய்ந்தபடி அதைக் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

கருமாதி முடிந்தது. அண்ணன் பரீட்சை என்று ஹாஸ்டலுக்குத் திரும்பிப் போனான். டிவியைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்து மேலே துண்டைப் போட்டு மூடியிருந்தார்கள். வருஷம் திரும்பும் வரை இந்த வாசலில் பாட்டுச் சத்தம் கேட்கக் கூடாது என்று அத்தை உத்தரவு. அத்தை என்றால் பெரியப்பாவுக்கும் மூத்தவள், குமாரபாளையத்தில் வாக்கப்பட்டவள். லைனிலிருந்து பெரியப்பா அவளுக்கும் அப்படித்தான் போன் போடுவார். அவள் பேச்சுக்கு எங்கள் வீட்டில் மறுபேச்சு கிடையாது.

பெரியம்மா உள்ளறையை விட்டு வெளியே வரவில்லை. அழுதிருந்தால்கூடப் பரவாயில்லை. பேசவும் இல்லை, சாப்பிடவும் இல்லை. வைத்த தட்டு வைத்த இடத்திலேயே காயும். இப்படியே போனால் இன்னொரு உயிரும் போய்விடும் என்று அம்மா அப்பாவிடம் சொன்னதை நான் கேட்டுவிட்டேன். மறுநாள் மத்தியானம் அம்மா தட்டை என் கையில் கொடுத்து, "நீ போய்க் கேட்டுப் பாரு சாமி. உம்மேலதான் அவியளுக்கு உசுரு" என்றாள்.

நான் தட்டோடு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. எவ்வளவு நேரம்தான் ஒரு பிள்ளை சும்மா உட்காரும்? கேமை எடுத்து, யாருக்கும் கேட்காமல் இயர்போனை மாட்டிக்கொண்டு, கொட்டகையிலிருந்து நீலக் காரை எடுத்தேன். மேளத்துக்கு மாற்றப் பொத்தானைத் தேடிய நேரத்தில், இயர்போனிலிருந்து கசிந்த கரகரத்த குரல் காதில் விழுந்ததோ என்னவோ, பெரியம்மா என் கையைப் பிடித்தாள். கை சில்லென்று இருந்தது.

"மாத்தாத சாமி. அதே இருக்கட்டும்."

இயர்போனின் ஒரு முனையை எடுத்துத் தன் காதில் வைத்துக்கொண்டாள். பெட்டியை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோய் மோந்து பார்த்தாள். கொஞ்ச நேரம் திரையையே பார்த்திருந்துவிட்டு, எத்தனையோ நாளைக்குப் பிறகு ஒரு கேள்வி கேட்டாள்.

"கிளீனர் எங்க?"

இதில் கிளீனர் கிடையாது என்றேன்.

"கிளீனர் இல்லாம ஒத்தை ஆளா எப்பிடி ஓட்டறது? அந்தப் பக்கத்து சீட்டு காலியாவா கெடக்குது?"

"ஆமாங் பெரிம்மா."

எனக்குத் திடீரென்று ஒரு யோசனை வந்தது. சாப்பிடாமல் வண்டி ஏறக் கூடாது என்று பெரியப்பா சொல்வாரே என்றேன். உண்மையிலேயே சொல்வார். பெரியம்மா என்னைப் பார்த்தாள், தட்டைப் பார்த்தாள், இரண்டு வாய் எடுத்து வைத்தாள். நான் வண்டியை நகர்த்தினேன்.

அன்றிலிருந்து தினமும் மத்தியானம் இதுதான். தட்டு காலியாகக் காலியாகக் கார் போய்க்கொண்டிருக்கும். எனக்கோ பொறுமை போய்விடும். சிவப்பு விளக்குக்கு நிற்க வேண்டும், ஆளை இடிக்கக் கூடாது, வேகம் கூடாது, ஸ்டேஷனை மாற்றக் கூடாது. போலீஸ்காரன் ஒருவன்கூட எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தக் கேமை அப்படி விளையாடியவர்கள் உலகத்திலேயே நாங்கள் இரண்டு பேராகத்தான் இருப்போம்.

கரகரத்த குரல்காரர் என்ன சொல்கிறார் என்று பெரியம்மாவும் கேட்பாள். நானும் அளந்து விடுவேன். ஒரு நாள் மழை என்பேன், ஒரு நாள் வெங்காயம் விலை ஏறிவிட்டது என்பேன். ஒரு நாள் அவருக்குப் பேத்தி பிறந்திருப்பதாகவும் சொன்னேன். பெரியம்மா என் முகத்தைப் பார்த்தாள். "நேத்தும் இதே எடத்துல இப்பிடியேதான சிரிச்சான்? நேத்து மழையின்னியே சாமி" என்றாள். எனக்கு முகம் சுருங்கிப்போய்விட்டது. இது நிஜ ரேடியோ இல்லை, பேசினதையே பேசும், பாடினதையே பாடும் என்று ஒத்துக்கொண்டேன். அவளுக்குச் சப்பென்று ஆகிவிடும் என்று பயந்தேன்.

"மாறாம இருந்தாச் செரி" என்றாள் பெரியம்மா. அன்றைக்குத் தட்டில் மிச்சமே வைக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அத்தை வந்தாள். வாசலில் அம்மாவோடு பேசிக்கொண்டிருந்தவளின் குரல் உள்ளே எங்களுக்குக் கேட்டது. கேமை மறைக்கலாம் என்று அவசரமாக இழுத்தேன். இயர்போன் பிடுங்கிக்கொண்டு கையோடு வந்துவிட்டது. பெட்டியிலிருந்து அந்த ஊதுகிற பாட்டு வீடு முழுக்கக் கேட்டது. எந்தப் பொத்தானை அமுக்குவது என்றுகூட எனக்குத் தோன்றவில்லை.

"எந்தூட்டுல பாட்டு ஓடுது?" என்று கேட்டபடி அத்தை நிலவாசலில் வந்து நின்றாள். "எம்பொறந்தவன் போயி ஒரு மாசங்கூட ஆகலை. இந்த ஊட்டுல பாட்டா? கொண்டா அத இங்க."

பின்னால் வந்த அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. நான் பெட்டியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டேன். அதை வாங்கிக்கொண்டு போய்விட்டால் நாளைக்குப் பெரியம்மா சாப்பிட மாட்டாள். அது ஒன்றுதான் எனக்குத் தெரிந்தது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அத்தை என் விரல்களைப் பிரித்துப் பெட்டியை வாங்கிவிட்டாள்.

"பாட்டு இல்லீங் நங்கையா" என்றாள் பெரியம்மா உட்கார்ந்த இடத்திலிருந்தே. நாத்தனாரை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள். "வண்டிதானுங். ஓரமா நிக்குது. கேட்டுப் பாருங்."

அத்தை அதட்டத்தான் வாயைத் திறந்தாள். கார் கடலோரத்தில் நின்றுகொண்டிருந்தது, இஞ்சினை அணைக்கவில்லை. பாட்டு முடிந்து கரகரத்த குரல்காரர் பேச ஆரம்பித்தார். அடியில் இஞ்சின் மெதுவாக இரைந்துகொண்டிருந்தது. அத்தை பெட்டியைக் காதோரம் கொண்டுபோனாள். போனைப் பிடிப்பது போலவே அதைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எவ்வளவு நேரமோ தெரியாது. பிறகு சுவரைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"இப்ப, 'அக்கா, சாப்ட்டியா'ங்கறாப்பல இருக்குது" என்றாள்.

உத்தரவு போடுகிற அத்தை தேம்பி அழுததை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன். பெரியம்மாவும் அழுதாள், அப்போதுதான் அவளுக்கும் அழுகை வந்தது. அம்மா இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து அத்தை எழுந்து முகம் கழுவிவிட்டு வந்து பெட்டியை என்னிடம் திருப்பிக் கொடுத்தாள். "அக்கம்பக்கத்துக்குக் கேக்காம வெச்சுக்கோ கண்ணு" என்றாள். சாயங்கால பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

மறுநாள் மத்தியானம் நான் தட்டோடு போனபோது பெரியம்மா குளித்துத் தலை முடிந்திருந்தாள். கையில் ஒரு எலுமிச்சம்பழம். எதற்கென்று கேட்கவில்லை, பெட்டியை நீட்டினேன். அவள் பழத்தைத் தரையில் வைத்துப் பெட்டியால் அழுத்தினாள். முதலில் முழுச் சாப்பாட்டையும் சாப்பிட்டாள். பிறகு நகர்ந்து எனக்கு இடது பக்கத்தில் வந்து உட்கார்ந்து இயர்போனை வைத்துக்கொண்டாள். லாரியில் கிளீனர் உட்காருவது அந்தப் பக்கம்.

"இந்த ரோடு எங்க போகுது சாமி?"

"எங்கயும் போகாதுங். சுத்தி இங்கயேதான் வந்து சேருமுங்."

"அப்ப ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம்."

நான் ஓட்டினேன். கடல், பாலம், பெரிய கட்டிடங்கள், மறுபடி கடல். பெரியம்மா எதுவும் கேட்கவில்லை, குரல்காரர் சொன்னதற்கு அர்த்தமும் கேட்கவில்லை. வளைவு வந்த இடங்களில் தரையில் கையை ஊன்றிக்கொண்டாள். ஒவ்வொரு சிக்னலிலும் நின்றோம். கிளம்பிய இடம் திரும்ப வந்ததும், "அப்பிடியே ஓரமா நிறுத்து" என்றாள். பெரியப்பா எப்போதும் நிறுத்துகிற மரத்தடியில் நிறுத்தினேன். ஓடிக்கொண்டிருந்த பாட்டு முடியும் வரை இருந்தாள். பிறகு இயர்போனைக் கழற்றிச் சுற்றி என் மடியில் வைத்தாள்.

"நா எறங்கிக்கறேன் சாமி. மாட்டுக்குத் தண்ணி காட்டோணும்."

எழுந்து, நிலவாசலைத் தாண்டி, வெயிலில் இறங்கி, பக்கெட்டை எடுத்துக்கொண்டு கட்டுத்தரைக்குப் போனாள்.

பெரியப்பா கட்டிலில் உட்கார்ந்து அவளைக் கூப்பிட்டபோது நான் அங்கேதான் இருந்தேன். அவள் இறங்கிப் போனபோதும் அங்கேதான் இருந்தேன். இரண்டையும் பார்த்தவள் நான் ஒருத்திதான். போன வருஷம் என் வீட்டுக்காரர் புதுக் கார் எடுத்து, பழம் நசுக்கி, ஒரு ரவுண்டு போய் வரலாம் ஏறு என்றார். அடுப்பில் வேலை இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தவள், அப்படியே நின்றுவிட்டேன். அடுப்பை அணைத்துவிட்டுப் போய் ஏறிக்கொண்டேன். வழியெல்லாம் அழுதேன். அவர் பயந்துவிட்டார்.

பெரியம்மா இறங்கிப் போன அன்றைக்கு எனக்கு அழுகையெல்லாம் வரவில்லை. ஓடிப்போய், பெரியம்மாவுக்குக் கேம் சலித்துவிட்டது என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா கட்டுத்தரையைப் பார்த்துக்கொண்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். இந்தப் பெரியவர்களுக்கு எதற்குத்தான் அழுவதென்று இல்லை. நான் திரும்பி வந்து உட்கார்ந்தேன். இனிமேல் கேட்க ஆளில்லை. ரேடியோவை மேளத்துக்கு மாற்றிவிட்டு, முதல் சிக்னலைச் சிவப்பிலேயே தாண்டினேன்.